உறங்குநிலையில் செயலிழக்கும் மடிக்கணினி: காரணம் அறிதலும் உரிமை கோரலும்

கால்சாவிலும் அதன் அயற்பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மடிக்கணினி பிள்ளைகளின் கல்விக் கருவி மட்டுமன்று. அரச அலுவலகங்களின் வாயிற்படியும் அதுவே. இத்தாலியக் குடியுரிமை விண்ணப்பம், குடும்ப ஒன்றிணைவுக்கான விண்ணப்பம், பாடசாலைப் பதிவு, பிறப்பு மற்றும் வதிவிடச் சான்றிதழ்கள் ஆகியன இன்று இணையவழியே பெரிதும் நடைபெறுகின்றன. ஆதலால் மடிக்கணினியின் கோளாறு ஒன்று குடும்பத்தின் சட்டநிலையைத் தொடும் கோளாறாகவும் மாறக்கூடும்.

எடுத்துக்காட்டாக ஒரு தாயைக் கருதுக. அவர் இரவு வேலை முடிந்து வந்து குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்புகிறார். மூன்று ஆண்டுகளின் வருமான விவரம், பழைய முகவரிகள், ஆவண எண்கள் என ஒவ்வொன்றாகப் பதிந்தபின், சமையலைக் கவனிப்பதற்காகக் கணினியின் மூடியைச் சாத்திவிட்டுச் செல்கிறார். அரை மணித்தியாலத்தின் பின் திறந்தபோது இயந்திரம் முதலிலிருந்து தொடங்குகிறது. நிரப்பியவை எவையும் இல்லை. இது இரண்டாம் முறை நிகழும்போது அவர் இயந்திரத்தையே பழிக்கிறார். மூன்றாம் முறை தம்மையே நொந்துகொள்கிறார். இரண்டும் தேவையற்றவை. இக்கோளாற்றுக்குக் காரணங்கள் உள்ளன, அவை கண்டறியக்கூடியவை.

1. உறங்குநிலையும் துயில்நிலையும்

கணினி தான் செய்துகொண்டிருக்கும் வேலையைத் தற்காலிக நினைவகத்தில் வைத்திருக்கும். இந்நினைவகம் மின்சாரம் உள்ளவரையே எதையும் நினைவில் வைக்கும். அதிலுள்ள ஒவ்வொரு துணுக்கும் ஏறத்தாழ 64 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும்; மின்சாரம் அறுந்தால் அனைத்தும் அழியும். வட்டில் சேமிக்கப்பட்ட கோப்புகளோ மின்சாரமின்றியும் நிலைத்திருக்கும்.

மூடியைச் சாத்தும்போது பெரும்பாலான மடிக்கணினிகள் உறங்குநிலைக்குச் செல்கின்றன. இத்தாலிய மொழித் திரையில் இது 'சொஸ்பென்சியோனே' எனப்படும். அப்போது திரை அணையும். ஆயினும் நினைவகம் தொடர்ந்து மின்சாரத்தை உண்ணும். மற்றொரு நிலை 'இபெர்நாட்சியோனே'. இதனைத் துயில்நிலை எனலாம். இதில் நினைவகத்திலுள்ளவை வட்டில் எழுதப்பட்டு இயந்திரம் முற்றாக அணைக்கப்படுகிறது. மீண்டும் விழிக்கச் சிறிது நேரம் கூடுதலாகும். ஆனால் மின்சாரம் போனாலும் வேலை போகாது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் கோளாற்றின் பாதியை உணர்ந்தவராவார்.

மேற்கண்ட தாய் இழந்தது எதை என்பதும் இங்குத் தெளிவாகும். வட்டில் சேமிக்கப்பட்ட ஆவணப் படிமங்கள் பொதுவாகப் பத்திரமாகவே இருக்கும். சேமிக்கப்படாமல் படிவத்தில் நிரப்பப்பட்டிருந்தவையே அழிந்தன.

2. செயலிழப்பின் காரணங்கள்

அ. மின்கலத்தின் தேய்வு. பழைய மின்கலம் திரையில் 40 விழுக்காடு எனக் காட்டிவிட்டுத் திடீரென வெறுமையாகலாம். மின்னேற்றி செருகியிருக்கும்வரை இக்குறை வெளியே தெரியாது.

ஆ. வீட்டு மின்சாரம் துண்டித்தல். இத்தாலியில் பெரும்பாலான வீடுகளின் மின் உடன்படிக்கை 3 கிலோவாட் அளவினது. அதற்குமேல் 10 விழுக்காடு வரை தொடர்ந்து பெறலாம். மின்னடுப்பும் சலவை இயந்திரமும் ஒருசேர இயங்கினால் இவ்வெல்லை எளிதில் மீறப்பட்டு, மின்மானி இணைப்பைத் துண்டிக்கும். நல்ல மின்கலம் உள்ள கணினி இதனை உணராது. தேய்ந்த மின்கலம் உள்ள கணினி உறக்கத்திலேயே உயிரிழக்கும். சமையல் வேளையில் மட்டும் கணினி செயலிழக்கிறது என்றால், குற்றவாளி கணினியன்று, மின்கலமும் மின்மானியும் சேர்ந்தே என ஐயுறலாம்.

இ. வெப்பம். அண்மைக்கால மடிக்கணினிகள் பல, கைத்தொலைபேசியைப் போன்று உறக்கத்திலும் இணையத்தோடு தொடர்பு கொள்கின்றன. உறங்குவதாக எண்ணிப் பையினுள் வைத்த கணினி உள்ளே விழித்தெழுந்து சூடேறி, தற்காப்புக்காகத் தானே அணைந்துவிடலாம். மடிக்கணினிகள் பொதுவாக 35 பாகை வரையான சூழல் வெப்பத்துக்கென்றே அமைக்கப்படுகின்றன. பலெர்மோவிலோ 2023 யூலை 24 அன்று வானாய்வகத்தில் 47 பாகை பதிவானது. சிரோக்கோ காற்று வீசும் நாளில் பூட்டிய வாகனத்தில் கணினியை விட்டுச் செல்வது எக்காரணத்தாலும் தகாது.

ஈ. இயக்கி மென்பொருள். திரை, கம்பியில்லா இணைப்பு முதலிய உறுப்புகளை இயக்கும் சிறு மென்பொருள்கள் பழுதுற்றிருந்தால், கணினி உறங்கும், எழாது. மின்விளக்கு எரியும், விசிறி சுழலும், திரை மட்டும் கறுப்பாக இருக்கும்.

உ. நினைவகம் அல்லது வட்டின் பழுது. இவை உறக்கத்தில் மட்டுமன்றி, விழித்திருக்கும்போதும் தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

3. காரணத்தை அறியும் முறை

வழக்கொன்றில் சான்றுகளை ஒவ்வொன்றாக வைப்பதுபோல இங்கும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்ய வேண்டும். ஒருசேர மூன்றை மாற்றியவர் எது பலனளித்தது என்பதை அறியார். ஒரு தாளில் நாள், நேரம், மின்னேற்றி செருகப்பட்டிருந்ததா, வீட்டு மின்சாரம் நின்றதா, திரையில் தோன்றியது என்ன என்பவற்றைக் குறித்து வருதல் வேண்டும். இத்தாள் பின்னர் விற்பனையாளரிடமும் பயன்படும்.

முதலாம் வினா: கணினி முதலிலிருந்து தொடங்குகிறதா, அல்லது இயங்கிக்கொண்டே திரை மட்டும் கறுத்துள்ளதா? முதலிலிருந்து தொடங்கினால் மின்சாரம், வெப்பம் ஆகியவற்றை முதலில் ஆராய வேண்டும். திரை மட்டும் கறுத்திருந்தால் இயக்கி மென்பொருளை ஐயுற வேண்டும். அவ்வேளை விண்டோஸ் கணினியில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்று விசைகளையும் அழுத்தியபடி 'பி' விசையைத் தட்டினால் திரையின் இயக்கி மீளத் தொடங்கும். பல வேளைகளில் வேலையும் மீளும். அதுவும் பயனளிக்காதபோது மட்டுமே மின்விசையைப் பத்துச் செக்கன் அழுத்தி அணைக்க வேண்டும்.

இரண்டாம் வினா: மின்னேற்றி செருகியபோதும் செயலிழக்கிறதா, செருகாதபோது மட்டுமா? செருகாதபோது மட்டும் எனில் மின்கலமே முதற் சந்தேகம்.

மூன்றாம் வினா: துயில்நிலையில் வைத்தால் ஒழுங்காக மீள்கிறதா? துயில்நிலை பழுதின்றி நடந்து, உறங்குநிலை மட்டும் பழுதானால், வட்டு நன்றாயுள்ளது எனப் பெரும்பாலும் கொள்ளலாம். தவறு மின்வழங்கலிலோ இயக்கியிலோ இருக்கும்.

விண்டோஸில் 'விசுவலிட்சாத்தோரே எவென்தி' எனப்படும் நிகழ்வுப் பதிவேட்டில் 'கேர்னல் பவர் 41' என்னும் பதிவு காணப்படலாம். கணினி ஒழுங்காக அணைக்கப்படாமல் மீளத் தொடங்கியது என்பதே அதன் பொருள். அது நிகழ்ந்த நேரத்தைக் கூறும், காரணத்தைக் கூறாது. அதனை மட்டும் சுட்டிப் புதிய உறுப்பு வாங்கச் சொல்பவரிடம் மேலதிகச் சான்று கேட்பது பயனாளரின் உரிமை.

4. உடனடிப் பாதுகாப்பு

காரணம் தெரியும்வரை வேலையைக் காப்பதே முதற்கடமை.

முதலாவதாக, மூடியைச் சாத்தினால் உறங்குநிலைக்குப் பதிலாகத் துயில்நிலைக்குச் செல்லுமாறு அமைக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பலகத்தில் 'ஒப்சியோனி ரிஸ்பார்மியோ எனெர்ஜியா' என்னும் பகுதியில், மூடியைச் சாத்தும்போது நிகழ வேண்டியதைத் தெரிவு செய்யலாம். 'இபெர்நாட்சியோனே' அங்கே தென்படாவிடின், அதே பக்கத்தில் தற்போது மாற்ற இயலாத அமைப்புகளை மாற்றுவதற்கான இணைப்பை அழுத்தி, அதற்குரிய பெட்டியில் அடையாளமிட வேண்டும். வட்டில் போதிய வெற்றிடம் இருத்தல் அவசியம்.

இரண்டாவதாக, அரச இணையவாயில்களில் வரைவாகச் சேமிக்கும் வசதி இருப்பின் ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் 'சால்வா' என்பதை அழுத்த வேண்டும். ஸ்பிட் வழி நுழைந்த அமர்வு செயலற்றிருந்தால் தானே முடிந்துவிடலாம். அப்போது நல்ல கணினியும் உதவாது. நீண்ட விவரங்களை முதலில் ஒரு கோப்பில் எழுதிச் சேமித்து, பின்னர் படிவத்தில் இடுவது நன்று.

மூன்றாவதாக, கடவுச்சீட்டு, வதிவிட அனுமதி, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் படிமங்களைக் கணினிக்கு வெளியே மற்றொரு சேமிப்புக் கருவியிலும் வைத்திருக்க வேண்டும். பிறநாட்டிலிருந்து பெறப்பட்ட குற்றப்பதிவுச் சான்றிதழ் ஆறு மாதங்களுக்கே செல்லும். அதன் படிமத்தைத் தேடி இழக்கும் வாரங்கள் அக்காலத்திலிருந்தே கழியும்.

5. திருத்தும் ஒழுங்கு

முதலில் விண்டோஸ் இற்றைப்படுத்தல்கள், அடுத்துத் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து திரை மற்றும் கம்பியில்லா இணைப்பின் இயக்கிகள், இறுதியில் கணினியின் அடிப்படை மென்பொருளான பயோஸ் என்னும் ஒழுங்கிற் செல்ல வேண்டும். விண்டோஸ் 10 பதிப்பிற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிவுற்றது என்பதும் நினைவிற் கொள்ளத் தக்கது.

பயோஸை மாற்றுமுன் ஒன்றை மறத்தலாகாது. பல மடிக்கணினிகளின் வட்டு பயனாளர் அறியாமலே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். பயோஸ் மாற்றத்தின் பின் கணினி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் பொதுவாகச் சேமிக்கப்பட்டிருக்கும் அச்சாவியை முன்கூட்டியே தாளில் எழுதி வைக்காதவர், தம் ஆவணங்கள் அனைத்தையும் இழக்க நேரிடும்.

மின்கலம் வீங்கி, விசைப்பலகையோ அடிமூடியோ புடைத்திருந்தால் கணினியைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்த வேண்டும். அதனை அமுக்கவோ துளைக்கவோ கூடாது, தீப்பற்றும்.

6. வாங்குநரின் சட்ட உரிமை

2005 செப்தெம்பர் 6 ஆம் திகதிய 206 ஆம் இலக்கச் சட்டவாணையான நுகர்வோர் சட்டக்கோவை, நுகர்வோருக்குச் சட்ட உத்தரவாதம் வழங்குகிறது. கணினி கையளிக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வெளிப்படும் குறைபாட்டுக்கு விற்பனையாளரே பொறுப்பாளர். வழக்குத் தொடுக்கும் உரிமை 26 மாதங்களில் காலாவதியாகும்.

2021 இன் 170 ஆம் இலக்கச் சட்டவாணை, 2022 சனவரி 1 முதல் செய்யப்படும் விற்பனைகளுக்கு இவ்விதிகளை மாற்றியமைத்தது. முதல் ஓராண்டுக்குள் வெளிப்படும் குறைபாடு கையளிப்பின்போதே இருந்ததாகக் கருதப்படும். அவ்வாறன்று என நிறுவும் பொறுப்பு விற்பனையாளருடையது. இரண்டாம் ஆண்டில் நிறுவும் பொறுப்பு வாங்குநரிடம் வரும். மேற்கூறிய குறிப்புத் தாள் அங்கேதான் சான்றாகிறது.

இலவசமாகத் திருத்தித் தருதலை அல்லது மாற்றித் தருதலை வாங்குநர் முதலிற் கோரலாம். அவை நியாயமான காலத்துள் நிறைவேறாவிடின் விலைக் குறைப்பையோ ஒப்பந்த முடிவையோ கோரலாம். 'தயாரிப்பாளரிடமே செல்லுங்கள்' எனக் கூறி விற்பனையாளர் தம் பொறுப்பிலிருந்து விலக இயலாது. தயாரிப்பாளர் தரும் வணிக உத்தரவாதம் வேறு. அது சட்ட உத்தரவாதத்தைக் குறைக்காது.

மூன்று வரம்புகள் உள. கடையில் வாங்கிய பயன்படுத்திய கணினிக்கு, இருதரப்பு உடன்பாட்டின்மூலம் இக்காலத்தை ஓராண்டுவரை குறைக்கலாம். தனியாள் ஒருவரிடம் வாங்கியதற்கு இவ்வுத்தரவாதம் பொருந்தாது. வணிக வரி இலக்கமான 'பார்த்தீதா ஈவா'வின் பேரில் தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோராகக் கருதப்படார்.

பற்றுச்சீட்டான 'ஸ்கொந்திரீனோ' வெப்பத்தாளில் அச்சிடப்படுவதால் சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே அதனைப் படமெடுத்து வைப்பது சிறந்த காப்பீடு.

7. பிறரிடம் கையளிக்குமுன்

கோப்புகளைப் பிரதியெடுத்தல், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை நீக்குதல், ஸ்பிட் கடவுச்சொல்லை எவருக்கும் கூறாதிருத்தல் ஆகியன கட்டாயம். திருத்துநர் பரிசோதிப்பதற்கெனத் தனிப் பயனர் கணக்கொன்றை ஏற்படுத்திக் கொடுக்கலாம். வேலைக்கு முன்னரே எழுத்திலான விலைமதிப்பைப் பெறுதல் வேண்டும்.

திருத்த இயலாத கணினியும் மின்கலமும் வீதிக் குப்பைத் தொட்டிக்குரியன அல்ல. அவற்றை நகரின் கழிவு சேகரிப்பு நிலையங்களில் குடியிருப்பாளர் இலவசமாக ஒப்படைக்கலாம். புதிய கணினி வாங்கும்போது பழையதை விற்பனையாளர் கட்டணமின்றி ஏற்றல் வேண்டும்.

மீட்டல்

சமையல் வேளையில், மின்சாரம் நின்றபோது மட்டும் கணினி செயலிழந்தால் ஆராய வேண்டியது யாது? மின்கலம்.
விளக்கு எரிந்து திரை மட்டும் கறுத்தால்? திரையின் இயக்கி.
பயோஸை மாற்றுமுன் எழுதி வைக்க வேண்டியது? 48 இலக்க மீட்புச் சாவி.
வாங்கிப் பத்து மாதங்களான கணினியின் குறையை யாரிடம் முறையிட வேண்டும்? விற்பனையாளரிடம், பற்றுச்சீட்டுடன்.

முன்னர் குறிப்பிட்ட தாய் இவ்வொழுங்கிற் சென்றிருப்பின், முதலாம் இரவிலேயே மூடியின் அமைப்பை மாற்றியிருப்பார். இரண்டாம் இரவில் மின்மானி விழுந்த நேரத்தைக் குறித்திருப்பார். மூன்றாம் இரவில் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு உறங்கச் சென்றிருப்பார்.