பிரேக் பழுதும் செலவுப் பொறுப்பும்: லாரி உரிமையாளருக்கு உள்ள வழிகள்

சரக்கு லாரியில் எதிர்பாராமல் பிரேக் பழுதாகும்போது, வண்டியும் ஓட்டுநரும் தப்பினாலும், பழுது பார்க்கும் செலவு யாரைச் சேரும் என்ற கேள்வி உடனே எழுகிறது. தயாரிப்பாளரின் வாரண்டி, கட்டணம் செலுத்திப் பெறும் நீட்டிப்பு வாரண்டி, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், வாகனக் காப்பீடு, உரிமையாளர் தாமே ஒதுக்கி வைக்கும் தொகை என இதற்கு ஐந்து வழிகள் உள்ளன. இவற்றுள் ஒன்று இருந்தால் மற்றொன்று தேவையில்லை என்று கருதுவோர் பலர். உண்மையில் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தால் நேரும் பழுதுக்கே பொறுப்பேற்கின்றன. பிரேக் ஏன் பழுதானது என்பதே பணம் தருபவர் யார் என்பதைத் தீர்மானிப்பதால், காரணங்களைப் புரிந்துகொள்ளாமல் காப்பைத் தேர்ந்தெடுப்பது வீண் செலவில் முடியக்கூடும்.

கனரக லாரிகளில் பெரும்பாலும் காற்று பிரேக்கே பயன்படுகிறது. எஞ்சினால் இயங்கும் கம்ப்ரஸர் காற்றை அழுத்தி டேங்குகளில் சேமிக்கிறது. ஓட்டுநர் மிதிக்கும்போது அந்தக் காற்று சக்கரத்தருகே உள்ள பிரேக் சேம்பருக்குச் சென்று ஒரு தண்டைத் தள்ளுகிறது. அத்தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டர் எனப்படும் நெம்புகோலைத் திருப்பி, லைனிங்கை டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. முன், பின் சக்கரங்களுக்குத் தனித்தனிக் காற்றுப் பாதைகள் இருப்பதாலும், காற்று முழுவதும் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகவே விழுந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்வதாலும், குழாய் ஒன்று வெடித்ததால் மட்டும் வண்டி அடியோடு பிடிப்பை இழப்பது அரிது. ‘பிரேக் ஃபெயிலியர்’ என்று சொல்லப்படும் நிகழ்வுகளில் பலவும் காற்றைவிட, மெல்லத் தேய்ந்த லைனிங், சரிசெய்யப்படாத ஸ்லாக் அட்ஜஸ்டர், அளவுக்கு மீறிய வெப்பம் ஆகியவற்றாலேயே நேர்கின்றன. லைனிங் தேயத் தேயத் தண்டு அதிக தூரம் தள்ள வேண்டியிருக்கிறது; சூடேறிய டிரம் விரிவடைவதால் அந்தத் தூரம் மேலும் கூடுகிறது; ஒரு கட்டத்தில் தண்டு தன் முழு நீளத்துக்கு வெளியே வந்தும் டிரம்மை இறுகப் பிடிக்க முடிவதில்லை.

வெப்பத்தின் அளவை ஒரு கணக்கு உணர்த்தும். மொத்த எடை 28.5 டன் உள்ள மூன்று அச்சு லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் பிரேக்கிலேயே வெப்பமாக மாறினால், 30 பாகை வெப்பத்தில் உள்ள 90 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தேசிய நெடுஞ்சாலை 44இல் உள்ள தொப்பூர் கணவாயும், 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையும் இதனாலேயே லாரிகளுக்குச் சோதனையாகின்றன. இறக்கத்தில் டீசல் மிச்சமாகும் என்று நம்பி நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் மறையாதது வேதனைக்குரியது. கியரில் இறங்கும்போது வண்டியே எஞ்சினைச் சுழற்றுவதால், ஆக்ஸிலரேட்டரை விட்ட நிலையில் இன்றைய எஞ்சின்கள் டீசல் செலுத்துவதை நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாதிருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்கிறது. மிச்சமாகாத டீசலுக்காக எஞ்சினின் தடுப்பு விசையையே ஓட்டுநர் இழந்துவிடுகிறார்.

பிடிப்பு தளரும்போது கியரைப் படிப்படியாகக் குறைப்பதும், எக்ஸாஸ்ட் பிரேக்கை இயக்குவதும், வேகம் தணிந்தபின் ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்துவதும், மேட்டுப் பாங்கான ஓரத்தை நோக்கி வண்டியைத் திருப்புவதுமே செய்யத்தக்கவை. திரவ பிரேக் உள்ள சிறு லாரிகளில் பெடலைத் திரும்பத் திரும்ப மிதிப்பது சில வேளைகளில் பலன் தரும் என்றாலும், காற்று பிரேக்கில் அவ்வாறு செய்தால் எஞ்சிய காற்றும் வீணாகும். வண்டி நின்றதும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் அது விரிசல் விடக்கூடும். எந்தப் பாகத்தையும் கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்வது அவசியம், ஏனெனில் செலவை ஏற்பதா மறுப்பதா என்று பின்னர் முடிவு செய்பவர்கள் பார்ப்பது அந்தப் பாகத்தின் நிலையைத்தான்.

இனி ஐந்து வழிகளுக்கும் வருவோம். வாரண்டி என்பது பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறைக்கு நிறுவனம் தரும் உறுதிமொழி. புதிய லாரி விற்பனையில் பெரிதாகச் சொல்லப்படும் நீண்ட ஆண்டு வாரண்டி பெரும்பாலும் எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் ஆகிய இயக்கத் தொகுதிக்கே உரியது. லைனிங், டிரம், ரப்பர் பாகங்கள் ஆகியவை தேயும் பொருள்கள் என ஒதுக்கப்படுவது வழக்கம். கம்ப்ரஸர், வால்வு போன்றவை வாரண்டிக்குள் வந்தாலும், குறித்த கிலோமீட்டரில் சர்வீஸ் செய்யத் தவறியிருந்தால் அந்த உரிமை தகராறுக்குள்ளாகிறது. நீட்டிப்பு வாரண்டி இதே வரம்பைக் கூடுதல் காலத்துக்கு இழுத்துச் செல்வதன்றி, விலக்கப்பட்ட பாகங்களைத் தானாகச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே பிரேக்கை மட்டும் மனத்தில் வைத்து அதை வாங்குவது பொருத்தமான முடிவன்று.

பராமரிப்பு ஒப்பந்தம் வேறு வகையானது. ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றோ மாதத்துக்கு இவ்வளவு என்றோ கட்டணம் பெற்றுக்கொண்டு, சேவை மையம் வண்டியைப் பராமரிக்கிறது. கூலியை மட்டும் ஏற்கும் ஒப்பந்தமும், தேயும் பாகங்களையும் உள்ளடக்கிய முழு ஒப்பந்தமும் பெயரளவில் நெருங்கியிருந்தாலும் பயனில் வெகுவாக வேறுபடுகின்றன. லைனிங் மாற்றம், டிரம் கடைசல், ஸ்லாக் அட்ஜஸ்டர் சோதனை ஆகிய மூன்றும் பெயர் சொல்லி எழுதப்பட்டுள்ளனவா என்பதே பார்க்க வேண்டிய முதல் விவரம். பிரேக் பழுதைத் தடுக்கும் வாய்ப்பு இந்த ஒரு வழியில் மட்டுமே உண்டு; மற்றவை நிகழ்ந்தபின் பணம் தருவனவே. எனினும் சேவை மையங்கள் இல்லாத தடங்களில் ஓடும் லாரிக்கு, கட்டணம் கட்டியும் சாலையோர மெக்கானிக்கையே நம்ப வேண்டிய நிலை வரலாம்.

தவறான எதிர்பார்ப்புகள் மிகுந்திருப்பது காப்பீட்டில்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்குவது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. அது பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யுமே தவிர, சொந்த லாரிக்கு ஒரு ரூபாயும் தராது. சொந்தச் சேதத்தையும் உள்ளடக்கிய பேக்கேஜ் பாலிசியிலும் தேய்மானம், எந்திரப் பழுது, அதிக பாரத்தால் வரும் சேதம் ஆகியவை வெளிப்படையாக விலக்கப்பட்டுள்ளன. பிரேக் பழுதாகி லாரி ஒரு தடுப்புச் சுவரில் மோதினால், மோதலால் நசுங்கிய கேபினும் சேஸிஸும் காப்பீட்டுக்குள் வரும்; பழுதுக்குக் காரணமான தேய்ந்த லைனிங்கின் விலை வராது. மோதாமல் நின்றுவிட்டால் எதுவும் வராது.

வருகின்ற தொகையும் முழுமையாக வருவதில்லை. மாற்றப்படும் பாகத்தின் விலையிலிருந்து வண்டியின் வயதுக்கேற்ப ஒரு பங்கைக் குறைப்பது தேய்மானக் கழிவு எனப்படுகிறது. வழக்கமான பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு இது 50 விழுக்காடு, ஐந்து ஆண்டைக் கடந்த லாரியின் உலோகப் பாகங்களுக்கு 40, பத்து ஆண்டைக் கடந்தால் 50. இக்கழிவை நீக்கும் கூடுதல் காப்பு, அது கிடைக்கும் வயது வரம்புக்குள் உள்ள லாரிகளுக்கு, அதன் பிரீமியத்தை நியாயப்படுத்துகிறது. விபத்துக்குள்ளான வண்டியை இழுத்துச் செல்ல வழக்கமான பாலிசி தருவது லாரிக்கு 2,500 ரூபாய் வரையே. மலைப்பாதையில் கவிழ்ந்த லாரியை கிரேன் கொண்டு தூக்க இது எவ்வளவு போதாதது என்பது தொழிலில் உள்ளோர் அறிந்ததே. இழுவைச் செலவுக்கான வரம்பை உயர்த்திக்கொள்வதும் சாலையோர உதவியைச் சேர்த்துக்கொள்வதும் ஆகவே வீண் செலவல்ல. மற்றொரு நிபந்தனையும் கவனத்துக்குரியது: பழுது நீக்கும் முன் வண்டியை ஓட்டி, சேதம் கூடினால், கூடிய பகுதி உரிமையாளரின் பொறுப்பாகவே கொள்ளப்படும்.

எனவே தேர்வு வண்டியின் வயதையும் தடத்தையும் பொறுத்து அமைய வேண்டும். வாரண்டிக் காலத்தில் உள்ள, பெருநகரங்களுக்கிடையே ஓடும் லாரிக்கு, தேயும் பாகங்களையும் சேர்த்த பராமரிப்பு ஒப்பந்தமும் தேய்மானக் கழிவற்ற பேக்கேஜ் பாலிசியும் சேர்ந்ததே சிறந்த ஏற்பாடு. நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களைப் போல அனுபவமிக்க பட்டறைகளும் உதிரிப்பாகக் கடைகளும் நெருங்கியுள்ள இடத்திலிருந்து இயங்கும் நடுத்தர வயது லாரிக்கு, ஒப்பந்தக் கட்டணத்தை ஒவ்வொரு டிரிப்பின் வாடகையிலிருந்தும் தனியே எடுத்து வைப்பது சிக்கனமானது; ஆனால் அந்தப் பணம் டயருக்கோ தவணைக்கோ திருப்பப்படாமல் இருந்தால்தான் அது காப்பு. பத்து ஆண்டைக் கடந்த வண்டிக்குச் சொந்தச் சேதக் காப்பைக் கைவிடுவது விவாதத்துக்குரியது என்றாலும், மலைப்பாதையில் லோடு ஏற்றும் வண்டிக்கு அதை விடாதிருப்பதே நல்லது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பராமரிப்புப் பதிவேடு இன்றியமையாதது. 1969இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ஹெண்டர்சன் வழக்கில், இறக்கத்தில் சென்ற லாரியின் பிரேக் குழாய் துருப்பிடித்து ஓட்டையானதால் ஒருவர் உயிரிழந்தார். துருப்பிடித்த பகுதி, குழாயைக் கழற்றினாலன்றிக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. தெரிந்த பகுதியை முறையாகச் சோதித்ததாக உரிமையாளர்கள் வாதிட்டனர். ஆயினும் அந்த லாரி அதுவரை எத்தகைய சரக்குகளை ஏற்றியது, குழாயை அரிக்கக்கூடிய ஏதேனும் அதன்மேல் பட்டதா என்ற வரலாற்றை அவர்கள் காட்டத் தவறியதால் பொறுப்பு அவர்கள்மீதே சுமத்தப்பட்டது. எந்திரக் கோளாறு என்று சொல்லும் உரிமையாளரே தாம் உரிய கவனம் எடுத்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்ற இதே நிலைப்பாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் 1977இல் மினு மேத்தா வழக்கில் எடுத்தது. எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று, சோதனை நடந்த நாளின் நிலைக்கே சாட்சி; இடைப்பட்ட மாதங்களுக்கு லைனிங் மாற்றிய தேதி, அப்போதைய கிலோமீட்டர், மெக்கானிக்கின் பில், ஏற்றிய எடைக்கான சீட்டு ஆகியவையே சாட்சி.

வாரண்டியோ பராமரிப்பு ஒப்பந்தமோ நியாயமின்றி மறுக்கப்பட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்கியவரை விலக்கினாலும், சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கியவருக்கு இடமளிக்கிறது. ஒற்றை லாரியைத் தாமே ஓட்டும் உரிமையாளர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பல லாரிகள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அந்த வாயில் எளிதில் திறக்காது என்பதால், அது கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் விலக்கப்பட்ட பாகங்களின் பட்டியலும் தகராறு தீர்க்கும் முறையும் தொடக்கத்திலேயே எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.