இயல்பூக்கமும் இயற்கைத் தேர்வும்

“அயலானைக் கண்டால் வெறுப்பது மனித இயல்பு, இயல்பை மாற்ற முடியுமா?” என்று படித்தவர்களே பேசக் கேட்கிறோம். இப்பேச்சுக்குச் சிலர் டார்வினையும் துணைக்கு அழைக்கின்றனர். பரிணாமக் கொள்கை உண்மையில் கூறுவது யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இயற்கைத் தேர்வை விளக்கும் டார்வினின் பெருநூல் 1859-இல் வெளிவந்தது. ஓரினத்து உயிர்களுக்குள்ளும் சிறுசிறு வேறுபாடுகள் உண்டு. அவற்றுட் பல பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவன. உயிர் பிழைத்துச் சந்ததி பெருக்க உதவும் வேறுபாடு தலைமுறைதோறும் பெருகும், இடையூறானது அருகும். பல்லும் நகமும் போலவே இயல்பூக்கங்களும் இவ்வாறு அமைந்தன என்பது அவர் கொள்கை. அந்நூலில் இதற்கென்றே ஓர் இயல் ஒதுக்கியுள்ளார்.

இயல்பூக்கத்தின் வலிமையை அவர் தம்மிடமே சோதித்தும் பார்த்தார். இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில், ஆப்பிரிக்க விரியன் பாம்பு ஒன்று இருந்த கூண்டின் தடித்த கண்ணாடியருகே முகத்தை வைத்துக்கொண்டு, அது சீறினாலும் பின்வாங்குவதில்லை என்று உறுதி பூண்டு நின்றார். பாம்பு கண்ணாடியைத் தாக்கியதுதான் தாமதம். இரண்டொரு கஜம் பின்னால் துள்ளிவிட்டார்! 1872-இல் வெளியிட்ட நூலில் இதனை அவரே எழுதியுள்ளார். அபாயம் இல்லை என்று அறிவு சொல்லியும் உடல் கேட்கவில்லை.

அப்படியாயின் பாம்பச்சம் முழுவதும் பிறவியிலேயே வருவதா? சூசன் மினெக்கா, மைக்கேல் குக் முதலிய உளவியலார் 1980-களில் செய்த ஆராய்ச்சிகள் இவ்வினாவுக்கு விடை தருகின்றன. ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு அஞ்சவில்லை. வேறொரு குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதைப் படத்தில் காட்டியதும் அவையும் அஞ்சக் கற்றுக்கொண்டன. வேறு சில குரங்குகளுக்கு, அதே குரங்கு பூவைக் கண்டு அலறுவதுபோல் படத்தை ஒட்டிக் காட்டினர். பூவுக்கு அஞ்ச அவை கற்கவில்லை!

இதனால் விளங்குவது என்ன? இங்கே பரம்பரையாக வந்தது, சிலவற்றை விரைவில் கற்கும் ஆயத்தம். அந்த ஆயத்தத்தை அச்சமாக்கியது பிறரைக் கண்டு பெற்ற பாடம். இரண்டும் சேர்ந்ததே பாம்பச்சம்.

இனி அயலார் வெறுப்புக்கு வருவோம். நம் முன்னோர் நெடுங்காலம் சிறு கூட்டங்களாய் வாழ்ந்தவர்கள். நம்மவர் யார், எதிரணியார் யார் என்று விரைந்து அறிவது அவர்களுக்கு உயிர் காக்கும் திறமையாய் இருந்திருக்கும். ஆனால் கால்நடையாய்ச் சென்றவர்கள், தோல் நிறத்தில் தம்மினும் பெரிதும் வேறுபட்டவரைச் சந்தித்தது அரிது. சந்திக்காத ஒன்றுக்கென இயற்கைத் தேர்வு ஓர் ஊக்கத்தைத் தனியே அமைத்திருக்க இயலாதன்றோ?

இக்கருத்தை அமெரிக்காவில் கர்ஸ்பன், டூபி, காஸ்மிடஸ் என்னும் மூவர் சோதித்து 2001-இல் வெளியிட்டனர். பகைமை கொண்ட இரு விளையாட்டணியினரின் படங்களையும் அவர்கள் பேசிய வாக்கியங்களையும் காட்டி, எதை யார் சொன்னார் என்று பின்னர்க் கேட்டனர். முதலில், பார்த்தவர்கள் ஒரே நிறத்தவரை ஒருவருக்கொருவர் மாற்றிச் சொல்லித் தடுமாறினர். அணிக்கொரு வண்ணச் சட்டை அணிவித்ததும் ஓரணியினரையே மாற்றிச் சொல்லலாயினர். தோல் நிறத்தால் பிரித்தறியும் பழக்கம் வெகுவாகக் குறைந்தது. இதற்கு நான்கு நிமிடமும் ஆகவில்லை!

ஆகவே அணி பிரிக்கும் ஆயத்தம் பழையது. எவரை எந்த அணியில் வைப்பது என்பது நாம் கற்பது. சாதியும் அவ்வாறே. சாதிப் பெயரை அறிந்து எக்குழந்தையும் பிறப்பதில்லை. வீட்டிலும் தெருவிலும் பெரியவர்களின் முகக்குறிப்பைக் கண்டே கற்கிறது, படம் பார்த்த குரங்கு கற்றதைப் போல.

மாணவர் விடுதியின் உணவுக்கூடத்தில் மாநிலத்துக்கொரு மேசையாகப் பிரிந்து உட்காருகிறோம். தமிழர் மேசையிலும் புதிதாய் வந்தவனிடம் ஊரையும் தெருவையும் கேட்டுச் சாதியைத் துருவுவோர் உளர். இதற்கு இயற்கையைக் காரணம் காட்டுவது பொருந்தாது. இது நாம் கற்றது. அடுத்த ஆண்டு வருபவனுக்கு நாம் கற்பிப்பது. அக்கேள்வியைக் கேட்காமல் விடுவது நம் கையில்தான் இருக்கிறது.