இலையின் அடிப்பக்கம்

கல்கிசை,
ஞாயிறு காலை.

அன்புள்ள மருமகள் கௌரிக்கு,

பல்கனித் தொட்டியில் நீ வளர்க்கும் கறிவேப்பிலைச் செடியில் மஞ்சட் புள்ளிகள் கண்டிருப்பதாகவும், அது என்ன நோய் என்று மாமா உடனே சொல்லவேண்டும் என்றும் எழுதித் தொலைபேசியில் அனுப்பிய படம் கிடைத்தது. படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆயினும் நீ இலையின் மேற்பக்கத்தை மட்டும் பிடித்திருப்பதால், அதைக்கொண்டு நோயை நிதானிக்க என்னால் இயலவில்லை. 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் சிறிது நேரத்தில் வெள்ளவத்தையிலுள்ள உன் வீட்டுக்கு வந்துவிடலாமென்றாலும், கப்பலேறிச் சென்ற ஓர் இலையின் கதையைக் கடிதத்திற் சொல்வதே பொருத்தமென்று தோன்றியபடியால் இதை எழுதுகிறேன்.

விக்டோரியா மகாராணியாரின் காலத்திலே, 1849 முதல் 1880 வரை, பேராதனைத் தாவரத் தோட்டத்தைப் பரிபாலித்தவர் துவெயிற்ஸ் என்னும் ஆங்கிலேயர். மலைநாடெங்கும் காடழித்துத் துரைமார் கோப்பி பயிரிட்டதும், அத்தோட்டங்களின் வேலைக்கென நம் ஜனங்கள் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாய் வந்ததும் அக்காலத்திலேதான். 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைத் தோட்டமொன்றில் நோய்ப்பட்ட கோப்பி இலைகள் அவருடைய பார்வைக்கு வந்தன. மேற்பக்கத்தில் மங்கலான மஞ்சட் புள்ளி. திருப்பினால், விரலை வைத்தவுடன் ஒட்டிக்கொள்ளும் செம்மஞ்சள் நிறத் தூள். இருபது வருஷகாலம் இந்நாட்டுச் செடிகொடிகளை ஆராய்ந்து, அவற்றைத் தொகுத்துப் பெருநூலொன்றும் வெளியிட்டிருந்த அம்மனிதர், தமக்குள்ள கீர்த்தியைக் கொண்டு தாமே ஒரு பெயரைச் சொல்லிவிடாமல், பங்கசு சாஸ்திரத்தில் தம்மினும் வல்லவராயிருந்த பெர்க்லி என்னும் குருவானவருக்கு அவ்விலையையே இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார்.

பெர்க்லி அத்தூளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். அது தூளன்று, வித்திகளின் குவியல். ஒவ்வொரு வித்தியும் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் கரடுமுரடாகவும் இருந்தது. அதுவரை எவரும் பெயரிடாத அந்தப் பங்கசுக்கு, பாதி வழுவழுப்பானது, பாழாக்குவது என்னும் இரு பொருளும் அமைய, ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ் என்று பெயர் சூட்டி, அவ்வாண்டு நவம்பர் மாதமே ஒரு தோட்டக்கலைப் பத்திரிகையில் வெளியிட்டார். பெயர் பலித்துவிட்டது. இருபது வருஷத்துக்குள் இலங்கையின் கோப்பி பெரும்பாலும் அழிந்துபோக, லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் துரை 1867இல் 19 ஏக்கரில் நட்டுப் பார்த்த தேயிலை மலைகளைப் பிடித்துக்கொண்டது. கோப்பிக்காய் பறிக்கும் பருவத்துக்கு வந்து ஊர் திரும்பிய ஜனங்கள், ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டிய தேயிலை வந்ததும், லயக் காம்பிராக்களில் குடும்பத்தோடு தங்கலாயினர். அவர்களுடைய சந்ததியிற் சிலர் உன் வகுப்பிலேயே இருக்கக்கூடும்.

துவெயிற்ஸ் எழுதியது பெர்க்லிக்கு மட்டுமா? குளத்து நீரில் மிதந்து பூக்கும் ஒரு சிறு கொடியில் இருவிதப் பூக்கள் இருப்பதைத் தம் நூலில் குறித்திருந்த அவர், அப்பூக்களை மதுசாரத்தில் இட்டுச் சார்ல்ஸ் டார்வினுக்கு அனுப்ப, டார்வின் அதை நன்றியோடு தம் நூலிற் பதிவு செய்திருக்கிறார். டார்வின் எழுதியனவும் பெற்றனவுமாக இன்று தெரியவந்துள்ள கடிதங்கள் ஏறக்குறைய 15,000. அவரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தோர் சுமார் 2,000 பேர்.

அவற்றுள் எனக்கு மிகப் பிடித்தது நம் நாட்டு யானைகளைப் பற்றியது. பிடிபட்ட யானைகள் கண்ணீர் விடுகின்றன என்று, இங்கே அரசாங்கக் காரியதரிசியாயிருந்த எமர்சன் ரெனன்ற் 1859இல் எழுதியிருந்தார். மனிதரும் பிராணிகளும் உணர்ச்சியைக் காட்டும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்த டார்வின் அதைச் சரிபார்க்க விரும்ப, இலங்கையிலிருந்த கிளெனி என்னும் குருவானவர், புதிதாகப் பிடிக்கப்பட்ட ஒரு யானைக் கூட்டத்தைக் கண்ணாரப் பார்த்து விடை எழுதினார். சீண்டியபோது அவை உரக்கப் பிளிறின. ஆனாற் கண்ணைச் சுற்றியுள்ள தசைகளைச் சுருக்கவுமில்லை, கண்ணீர் விடவுமில்லை. யானை அழுததைத் தாங்கள் ஒருகாலும் கண்டதில்லையென்று உள்ளூர் வேட்டைக்காரரும் சாதித்தனர். இவ்விடை தமக்குச் சங்கடமாயிருந்தும், டார்வின் அதை மறைக்காமல் 1872இல் தம் நூலில் அச்சிட்டார். ஆயினும் அவ்விடத்திலேயே, ரெனன்ற் சொன்னதைச் சந்தேகிக்க இயலாதென்றும் எழுதினார். என் அபிப்பிராயம் வேட்டைக்காரர் பக்கமே. யானையோடு சீவியத்தைக் கழித்த அந்த மனிதருள் ஒருவரின் பெயர்கூட அந்நூலில் இல்லாதது எனக்கு இன்றைக்கும் மனக்குறைதான்.

கடிதம் போய்ச் சேர வாரங்கள், மறுமொழி வரப் பின்னும் வாரங்கள் என்றிருந்த காலத்தில், அரைகுறையாய் எழுதியவன் மாதக்கணக்கை இழந்தான். ஆகையால், படிப்பவர் அடுத்து என்ன கேட்பார் என்பதை முன்கூட்டியே ஊகித்து, எங்கே கண்டது, எப்போது கண்டது, எத்தனை கண்டது என்று ஒன்றும் விடாமல் எழுதி, இயலுமானாற் பொருளையும் கூடவே வைத்தார்கள். நீயோ, ஒரு படத்தையும் இரண்டு வரியையும் அனுப்பிவிட்டு, ஐந்து நிமிஷத்தில் நான் பதில் தரவில்லையென்று கேள்விக்குறிகளாய் அனுப்பிக்கொண்டிருக்கிறாய்!

ஆகவே பிள்ளை, இப்படிச் செய். நோய்ப்பட்ட இலை மூன்றும் நல்ல இலை ஒன்றும் பறித்து, பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையில் வைத்து, மேலே கனமான புத்தகமொன்றை ஏற்றி நாலு நாள் விடு. புள்ளி முதலிற் கண்டது தளிரிலா முற்றிய இலையிலா, செடிக்கு வெயில் எத்தனை மணிநேரம் படுகிறது, பக்கத்துத் தொட்டிகளுக்கும் பரவியதா என்பதையெல்லாம் ஒரு கடதாசியில் எழுது. அடிப்பக்கத்தை மறவாமற் பார்த்து, அங்கே கண்டதையும் சேர். எல்லாவற்றையும் ஓர் உறையிலிட்டு எனக்கு அனுப்பு. எனக்கும் விளங்காவிட்டால், அவ்வுறையைப் பேராதனைக்கு அனுப்பிக் கேட்போம்.

அன்புடன்,
மாமா