ஜாப் ஒர்க் கூலியும் டி.டி.எஸ். பிடித்தமும்

நம் மக்களில் பலர் தையல், தோல், அச்சுத் தொழில்களை நடத்துகிறார்கள். இன்னும் பலர் அவர்களிடம் வேலை எடுத்து, தம் வீட்டிலோ சிறு பட்டறையிலோ முடித்துக் கொடுக்கிறார்கள். இந்த இரு சாராரும் 2025-26 நிதியாண்டுக்குத் தெரிந்திருக்க வேண்டிய வருமான வரி விதியை இங்கே பார்ப்போம்.

யார் பிடிக்க வேண்டும்?

பங்குதாரர் நிறுவனம் என்றால், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பிடிக்க வேண்டும். தனிநபர் வியாபாரம் என்றால், முந்தைய ஆண்டு விற்பனை 1 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தால் மட்டுமே பிடிக்க வேண்டும். சம்பளத்துக்கு இருக்கும் வேலையாட்களுக்கு இவ்விதி இல்லை. ஒப்பந்தமாக வேலை எடுப்பவர்களுக்கே பொருந்தும். நாம் துணி கொடுத்து அவர் தைத்துத் தருவதும் இதில் அடங்கும்.

எவ்வளவு?

ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, ஆண்டு மொத்தம் 1 லட்சத்தைத் தாண்டினாலோ, தனிநபருக்கு 1 சதவீதம், நிறுவனங்களுக்கு 2 சதவீதம் பிடிக்க வேண்டும். மாதம் 25,000 ரூபாய் வாங்கும் தையற்காரருக்கு ஐந்தாம் மாதம் மொத்தம் 1,25,000 ஆகிறது. அப்போது முழுத் தொகைக்கும் சேர்த்து 1,250 ரூபாய் பிடிக்க வேண்டும். அவர் பான் எண் தராவிட்டால் 20 சதவீதம், அதாவது 25,000 ரூபாய் போய்விடும். ஆதாருடன் இணைக்காமல் செயலிழந்த பானுக்கும் இதே நிலைதான்.

பிடித்த பின்

பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும்; மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு. இதற்கு முதலாளி டான் எண் வாங்கியிருக்க வேண்டும். காலாண்டுதோறும் 26கியூ படிவத்தில் கணக்குக் கொடுக்க வேண்டும். படிவம் தாமதமானால், பிடித்த தொகை அளவுக்கு உட்பட்டு, நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். பணம் கட்டத் தாமதமானால் மாதம் 1.5 சதவீத வட்டி.

கூலி வாங்குபவர்கள் கவனத்திற்கு

பிடித்த பணம் உங்கள் பெயரில் வரவாக வேண்டிய பணம். வருமான வரி இணையதளத்தில் படிவம் 26ஏஎஸ்-ஸில் அது பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். முதலாளியிடம் 16ஏ சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து அந்தப் பணத்தைத் திரும்பப் பெறலாம். தாக்கல் செய்யாவிட்டால் அது கைக்கு வராது.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை: பிடித்த பணம் உங்களிடம் உள்ள அமானிதம். அதைக் கட்டாமல் வைத்துக்கொண்டால் நஷ்டம் அரசுக்கு மட்டுமல்ல, தைத்துக் கொடுத்த அந்தக் குடும்பத்துக்கும்தான். இந்த மாதமே உங்கள் ஆடிட்டரிடம் கணக்கைச் சரிபார்த்து விடுங்கள்.