பிளாஷ் ஒளியும் பின் வரிசையும்

ஒளியின்றிப் புகைப்படம் இல்லை. பகலில் கதிரவன் தரும் ஒளியை இரவிலும் அறைக்குள்ளும் நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். 1887ஆம் ஆண்டில் ஜெர்மானியர் இருவர் மக்னீசியப் பொடிக் கலவையைக் கொளுத்தி அவ்வொளியில் படம் எடுத்தனர். அதில் புகையும் தீ அபாயமும் மிகுதி. 1931ஆம் ஆண்டளவில் அமெரிக்க அறிஞர் ஹெரால்டு எட்ஜர்டன், வாயு நிரப்பிய குழாயில் மின்சாரம் பாய்ச்சி ஒளி பெறும் முறையைப் படப்பிடிப்புக்குக் கொண்டுவந்தார். இன்றைய பிளாஷ் அவ்வழி வந்ததே ஆகும்.

டிஜிட்டல் காமிராவிலேயே சிறிய பிளாஷ் இருக்க, தனி பிளாஷ் எதற்கு என்று கேட்கலாம். உள்ளிருக்கும் பிளாஷ் லென்சுக்கு மிக அருகில் உள்ளது; நேராக மட்டுமே ஒளி வீசும். அதனால் கண்கள் சிவந்து தெரியும். காமிராவின் மேல் பொருத்தும் தனி பிளாஷின் தலையையோ நாம் விரும்பிய பக்கம் திருப்பலாம்.

ஒளியின் விதி ஒன்றை நாம் அறிந்திருக்க வேண்டும். தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். குழுப் படத்தில் 2 மீட்டர் தொலைவில் அமர்ந்துள்ள அருட்சகோதரியர் பெறும் ஒளியில் கால் பங்கே 4 மீட்டரில் நிற்கும் மாணவியர் பெறுவர். முன் வரிசையின் வெள்ளுடை மடிப்புத் தெரியாமல் வெளுத்துப்போக, பின் வரிசை முகங்கள் இருளில் மறையும். ஆண்டு மலரைப் புரட்டும் பெற்றோர் தம் மகளைத் தேடித் தவிப்பர்.

இதற்கு வழி இரண்டு உண்டு. மேற்கூரை வெண்மையாகவும் தாழ்வாகவும் இருந்தால், பிளாஷை அதை நோக்கித் திருப்ப வேண்டும். ஒளி கூரையில் பட்டுச் சிதறி எல்லோர் மீதும் பரவலாக விழும். பச்சைச் சுவரில் பட்டாலோ முகமும் பச்சையாகும்! கூரை மிக உயரமாயின், நாம் பின்னால் நகர வேண்டும். வரிசைகள் 6, 8 மீட்டர் தொலைவுகளில் அமைந்தால், கடைசி வரிசைக்கு முன் வரிசையின் ஒளியில் பாதிக்கு மேல் கிட்டும்.

ஷட்டர் வேகத்தையும் கவனிக்க வேண்டும். பல காமிராக்களில் அது நொடியில் 200இல் ஒரு பங்கைத் தாண்டி விரைந்தால், படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும். எடுத்த படத்தை உடனே பார்த்துத் திருத்திக்கொள்ள முடிவது டிஜிட்டல் காமிராவின் பெரும் நன்மை.

வீட்டில் பிலிம் காலத்துப் பிளாஷ் இருந்தால் எச்சரிக்கை தேவை. அவற்றுள் சிலவற்றின் தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் உண்டு. 6 வோல்ட் மட்டுமே தாங்கும் டிஜிட்டல் காமிராக்களும் உள்ளன. காமிராவின் கையேட்டைப் படித்து, பிளாஷின் மின்னழுத்தத்தை விவரம் அறிந்தவரிடம் கொடுத்து அளந்த பின்னரே பொருத்த வேண்டும். பாட்டரியைக் கழற்றிய பின்னும் பிளாஷின் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். ஆகவே ஒருபோதும் அதைத் திறக்கலாகாது.

தோழியரே, அடுத்த விழாவில் காமிரா நம் கைக்கு வந்தால், முதலில் கூரையைப் பார்ப்போம். பிறகு கடைசி வரிசையைப் பார்ப்போம். அங்கே நிற்பவளின் முகமும் தெளிவாகத் தெரியும்படி எடுப்போம்.