வெண்டைக்காய்க்குத் தண்ணி ஆகாது

தங்கச்சி, வெண்டைக்காய்ப் பொரியல் கொழகொழன்னு ஆயிடுதேன்னு கவலைப்படுறியா? குறை உன் கைப்பக்குவத்துல இல்ல. காய்க்குள்ள இருக்கிற வழவழப்பு தண்ணி பட்டா கரைஞ்சு வெளியே வந்துடும். நறுக்கின காயில தண்ணி படாம பார்த்துக்கிட்டாலே பாதி சமையல் முடிஞ்ச மாதிரி.

வாங்கும்போதே பார்த்து எடு. விரல் நீளத்துக்கு மேல போன காயை விட்டுடு. நுனியை லேசா வளைச்சா ‘டக்’னு ஒடியணும். வளைஞ்சு கொடுத்து ஒடியாம நின்னா அது முத்தல். எவ்வளவு வதக்கினாலும் நாராத்தான் இருக்கும். தோல்ல சின்ன ஓட்டை தெரிஞ்சா உள்ளே புழு இருக்கும், அதையும் ஒதுக்கிடு.

இனிமேல் சொல்றதுதான் ரொம்ப முக்கியம். காயை முழுசா கழுவு, நறுக்கின பிறகு கழுவவே கூடாது. கழுவினதைப் பருத்தித் துணியில பரப்பி ஃபேனுக்குக் கீழே அரை மணி நேரம் விடு. காம்புக்கிட்ட இருக்கிற மடிப்புல ஈரம் ஒளிஞ்சிருக்கும். அந்த இடத்தை மட்டும் ஒவ்வொண்ணா துடைச்சுடு. காலையில அவசரமா கிளம்புறவ ராத்திரியே கழுவித் துடைச்சு, பேப்பர்ல சுத்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கலாம். கத்தி, பலகை, உன் கை மூணும் உலர்ந்து இருக்கணும். அரை இஞ்சுக்குக் குறையாம நறுக்கு. மெல்லிசா நறுக்கினா வெட்டுவாய் அதிகமாகும், வழவழப்பும் அதிகமா வெளியே வரும். வதக்கும்போது உடைஞ்சும் போயிடும்.

நாலு பேருக்கு அரை கிலோ வேணும், வெந்ததும் நல்லா சுண்டிடும். வாய் அகலமான இரும்பு வாணலியா எடு. சின்ன வாணலிதான் இருக்குன்னா ரெண்டு தடவையா வதக்கு. காய் ஒண்ணு மேல ஒண்ணு குவிஞ்சா, அதோட ஆவியிலேயே அவிஞ்சு போயிடும்.

மூணு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய், அதுல கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம். தாளிச்சதும் காயைப் போட்டு, தீயைக் கொஞ்சம் கூட்டி வெச்சு நாலஞ்சு நிமிஷம் வதக்கு. அடிக்கடி கிளறாதே. அப்பப்போ புரட்டிவிட்டா போதும். கரண்டியைத் தூக்கினா நூல் நூலா இழுக்கும், பயந்துடாதே. அந்த நேரத்துல ஒரு ஸ்பூன் கெட்டிப் புளிக்கரைசலோ, புளிச்ச தயிரோ விடு. புளிப்பு பட்டா வழவழப்பு அடங்கிடும். அதுக்கப்புறம் மிதமான தீ. மூடி மட்டும் போடவே போடாதே. சீக்கிரம் வேகட்டும்னு மூடினா, மூடியில சேர்ற ஆவி சொட்டுச் சொட்டா காய் மேலேயே விழும்.

நூல் இழுக்கிறது நின்னு, ஓரமெல்லாம் லேசா செவந்ததும் மசாலா போடு. மஞ்சள்தூள் கால் ஸ்பூன், மிளகாய்த்தூள் ஒரு ஸ்பூன், மல்லித்தூள் ஒரு ஸ்பூன். சாம்பார்ப்பொடி நல்லா அரைச்சு வெச்சிருந்தா அது ஒண்ணே போதும், எனக்கு அந்த ருசிதான் பிடிக்கும். பொடியை முன்னாடியே போட்டா பிசின்ல ஒட்டிக் கட்டி கட்டியா நிக்கும். உப்பும் கடைசியிலதான், முதல்லயே போட்டா காயிலிருந்து தண்ணியை இழுத்துடும். காய் சுண்டின பிறகு போடுறதால அளவும் தப்பாது. முக்கால் ஸ்பூன் போட்டு ருசி பார்த்துக்கோ.

மொறுமொறுன்னு வேணும்னா ஒரு ஸ்பூன் அரிசி மாவு தூவி ரெண்டு நிமிஷம் புரட்டு. பூப்போல வேணும்னா துருவின தேங்காயைப் போட்டு உடனே இறக்கிடு. ரசம் சாதத்துக்கு மொறுமொறு, வத்தக்குழம்புக்குத் தேங்காய் போட்டது. சப்பாத்திக்குன்னா வெங்காயம் சேர்க்கலாம். ஆனா அதைத் தனியா வதக்கி எடுத்து வெச்சு, இறக்குற நேரத்துல கலந்துக்கோ. வெங்காயமும் தண்ணி விடும்.

ஸ்கூலுக்கோ ஆபீசுக்கோ டப்பா கட்டுறவ ஒண்ணு கவனிச்சுக்கோ. சூட்டோட அடைச்சு மூடினா, வாணலியில தப்பிச்ச காய் டப்பாவுக்குள்ள வேர்த்து நனைஞ்சுடும். தட்டுல பரப்பி, நல்லா ஆறின பிறகு மூடு.