முதுமை ஏன் வருகிறது?

காமாட்சிப் பாட்டியின் விரலை அரிவாள்மனை வெட்டிவிட்டது. பேத்தி வள்ளிக்கும் அதே போன்ற காயம். வள்ளியின் காயம் சீக்கிரம் ஆறியது. பாட்டியின் காயம் மெதுவாகவே ஆறியது. ஏன்?

"சந்தையில் இளமை லேகியம் விற்கிறார்களாம். வாங்கட்டுமா?" என்று கேட்டார் பாட்டி.

"வேண்டாம் பாட்டி. காசுதான் வீண்" என்றாள் வள்ளி.

வள்ளி சொன்னது சரிதான். எப்படி என்று பார்ப்போம்.

நம் உடல் செல்களால் ஆனது. செல் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஒரு செல் இரண்டாகப் பிரியும். புதுச் செல்கள் உண்டாகும். காயமும் ஆறும்.

ஆனால் செல்கள் ஓயாமல் பிரிவதில்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதச் செல்கள் சுமார் 50 முறை பிரிந்தன. பிறகு நின்றுவிட்டன. ஹேஃப்லிக், மூர்ஹெட் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் இதை 1961-இல் வெளியிட்டார்கள்.

செல்லுக்குள் நூல் போன்ற 46 குரோமோசோம்கள் உள்ளன. கயிற்றின் புரி பிரியாமல் இருக்க நுனியில் முடிச்சுப் போடுகிறோம் அல்லவா? அதுபோல ஒவ்வொரு குரோமோசோமின் இரு நுனியிலும் காப்பு உண்டு. அதன் பெயர் டெலோமியர். பெரும்பாலான செல்களில், பிரியும்போதெல்லாம் இது சிறிது குறையும். மிகவும் குறைந்தால் செல் பிரியாது. முதுமைக்கு இது ஒரு காரணம்.

இந்தக் காப்பைப் பற்றிய ஆய்வுக்கு 2009-இல் மூவர் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்களில் இருவர் பெண்கள்.

முதுமையை நீக்கும் லேகியம் எதுவும் இல்லை. ஏமாறாதீர்கள். பீடி, சிகரெட் புகை செல்லைக் கெடுக்கும். அதை விட்டுவிடுங்கள். காயம் ஆறவில்லையா? அது சர்க்கரை நோயாகவும் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில் கூறுங்கள்:
1. டெலோமியர் எங்கே உள்ளது?
2. பாட்டி லேகியம் வாங்கலாமா? ஏன்?